காயாத துணி

பதினோரு நாளாய் இந்த வீட்டில்
எதுவும் காய்ந்தபாடில்லை.
ஜன்னலுக்கு வெளியே நீட்டும் மூங்கில் கழியை
உள்ளே இழுத்தாயிற்று.
ஒரு முனை டிவி அலமாரியின் மேல்,
மறு முனை மீட்டர் பெட்டி ஆணியில்.
கூடத்தை இரண்டாக அறுத்துக்கொண்டு
லோஷினியின் பள்ளிக்கூட பினாஃபோர்,
என் ஃபாக்டரி நீலச் சட்டை,
அவருடைய கால்சட்டைகள்.
வெள்ளைச் சப்பாத்து மட்டும்
ஐஸ்பெட்டிக்குப் பின்னால்.
ஆறாவது மாடியில் கொஞ்சம் சூடு
அங்கேதான் மிச்சம்.

துணிக்கு இந்தப் பக்கம் அவர்.
அந்தப் பக்கம் யுகேஸ்.
பேச்சு நின்று மூன்று வாரம்.
பாலிடெக்னிக் வேண்டாம் என்று அவன் சொன்னான்.
அப்படியானால் சோறு மட்டும் வேண்டுமா
என்று இவர் கேட்டார்.
அன்றைக்கும் மழைதான்.

அதிலிருந்து நான் தபால்காரி.
"வந்து சாப்பிடச் சொல்லு அவனை."
"பசிக்கலன்னு சொல்லுங்கம்மா."
இருவர் குரலும் இருவருக்கும் கேட்கிறது.
இருந்தாலும் ஆறு அடி தூரத்துக்கு
நான் ஸ்டாம்பு ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

தீபாவளிக்கு இன்னும் ஒன்பது நாள்.
மைலோ டின்னில் போட்டு மூடிய முறுக்கு
அதற்குள் நமுத்துப் போச்சு.

நேற்று ராத்திரி ஒன்றரைக்கு
கீழ் வீட்டு மக்சிக் ரொஹானா போன் அடித்தார்.
"ஆயேர் நாயிக்! ஆயேர் நாயிக்!"
தண்ணி ஏறுது என்று
மழைக்குள் அது தமிழாகவே கேட்டது.

சுங்கை பினாங் பொங்கினால்
முதலில் முழுகுவது எங்கள் கார் பார்க்.
அவருக்கோ காய்ச்சல்,
மாத்திரை போட்டுவிட்டு அடித்துப்போட்ட தூக்கம்.
பாயான் லெப்பாஸுக்கு ஆள் ஏற்றுகிற வேன்,
இன்னும் பத்தொன்பது மாசத் தவணை.
எழுப்பலாமா வேண்டாமா என்று
தோளுக்கு மேல் கையை வைத்தபடியே நின்று
பிறகு திரும்பிப் பார்த்தால்
கொக்கியில் சாவி இல்லை.

ஜன்னலில் எட்டினேன்.
விளக்குக் கம்பத்தடியில்
முட்டி வரை தண்ணீரில் ஒரு உருவம்.
கியரை உடைச்சிடுவான் என்று
இவர் தொடவே விடாத வேன்,
பின்பக்கமாக, மெல்ல மெல்ல,
மிதக்கிற குப்பைத்தொட்டியை விலக்கிக்கொண்டு
தூங்கிவிட்ட பிள்ளையைக்
காரிலிருந்து தூக்கிப் போகிற மாதிரி
போனது.

மூன்று மணிக்குக் கதவு முனகியது.
மேம்பாலத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறான்.
விளக்கைப் போடவில்லை.
நான் கண்ணை மூடிக்கொண்டேன்,
கேட்டால் ஒன்றுமில்லை என்பான்.
கழியில் அவன் பக்கம் இடமில்லை போலிருக்கிறது.
ஜீன்ஸை
இந்தப் பக்கம் தொங்கவிட்டுப் போய்ப் படுத்தான்.

நாலரைக்கு அலாரம்.
எழுந்தவர் முகத்தில் ஈரத்துணி மோதியது.
கொக்கியைப் பார்த்தார், கீழே எட்டிப் பார்த்தார்.
ஆ செங் அங்கிளின் காருக்குக் கூரை மட்டும் தெரிந்தது.
எங்கள் கட்டத்தில் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை.
"மேம்பாலத்துல நிக்குது," என்றேன்.
யார் என்று அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை,
தபால்காரிக்கும் ஒரு நாள் லீவு உண்டு.

ஜீன்ஸ் பையில் கைவிட்டுச் சாவியை எடுத்தவர்
கிளம்பவில்லை.
இருபத்திரண்டு வருசத்தில்
இஸ்திரிப் பெட்டியை அவர் தொட்டு நான் கண்டதில்லை.
தரையில் போர்வையை மடித்துப் போட்டு,
உட்கார்ந்து,
அந்த ஜீன்ஸை அழுத்தி அழுத்தித் தேய்த்தார்.
புஸ்ஸென்று ஆவி.
ஆற்றுச் சேறும் சோப்பும் கலந்த வாடை.
இப்படியெல்லாம் காயாது என்று
சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

ஆறு மணிக்குப் போன்.
பின்னால் வைப்பர் தேய்கிற சத்தம்.
"அவன்கிட்ட சொல்லு,
ஹேண்ட்பிரேக் போட மறந்துட்டான்."
நான் சரி என்பதற்குள்
கொஞ்ச நேரம் வைப்பர் மட்டும்.
"இல்ல, வேணாம். வையி.
சாயங்காலம் வந்து நானே சொல்லிக்கிறேன்."

ஜீன்ஸ் முட்டியில் இன்னும் சொட்டுகிறது.
இந்தப் பக்கமே இருக்கட்டும்.
கீழே ஒரு வாளி வைத்திருக்கிறேன்.